ஹெல்டர்பியில் ஒரு ஹெல்டர்பியும் இல்லை

எங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி முடிக்க டெனிஸ் ஹெல்டர்பிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நூற்றுச் சொச்சம் கற்கள்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, பாசியைக் கட்டைவிரலால் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். வயது எழுபதுக்கு மேல். தோளில் மாட்டியிருந்த பையில் அவருடைய மகன் கேவினின் சாம்பல் இருந்தது. இரண்டு மணிக்கு அதைப் புதைப்பதாக ஏற்பாடு. தெற்குச் சுவரோரம் தோட்டக்காரன் டெரிக் காலையிலேயே குழி வெட்டி வைத்துவிட்டான். சாம்பலுக்கு வெட்டுகிற குழி ரோஜாச் செடி நடுகிற அளவுக்குத்தான் இருக்கும்.

வெளியூர்க்காரர்களை நாங்கள் இங்கே புதைப்பதில்லை. ஆனால் அவர் எழுதிய கடிதம் பாதிரியாரை அசைத்துவிட்டது. ‘நாங்கள் ஹெல்டர்பிகள். உங்கள் ஊர்ப் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். என் மகன் பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போய், பதினாறு வருடம் லண்டன் தெருக்களில் கிடந்தான். இனியாவது சொந்த மண்ணில் கிடக்கட்டும்’ என்று எழுதியிருந்தார். தேவாலயத்தின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் கடிதத்துக்குப் பதில் போட்டதும் நான்தான்.

கோடை வந்தால் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஹெல்டர்பிகள் வந்து இறங்குவார்கள். எங்கள் முன்னோரின் மாளிகை எங்கே என்பார்கள். அவர்களுடைய பெருமையில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கி விடுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. என் பெயர் டானர், தோல் பதனிடுகிறவன் என்று அர்த்தம். அந்த நாற்றத்தைத் தேடிக்கொண்டு இதுவரை யாரும் வந்ததில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு பேச்சு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அதை அன்று அந்த மனிதரிடமும் சொல்லித் தொலைத்தேன்.

“ஒருத்தர்கூட இல்லியே, மிஸஸ் டானர்,” என்றபடி டெனிஸ் சுவரில் வந்து உட்கார்ந்தார். “எங்க பேர்ல ஒரு கல்லுகூட இல்ல.”

“எப்படி இருக்கும்? இந்த ஊர்ல இருக்கறவனை எதுக்கு ஹெல்டர்பின்னு கூப்பிடணும்? எல்லாருமே இந்த ஊர்தானே. இங்க இருந்தவனுக்கு ஜான் தச்சன், ஜான் குட்டையன்னுதான் பேரு. ஊரை விட்டுட்டுப் போனவனைத்தான் போன எடத்துல ‘ஹெல்டர்பிக்காரன்’னு சொல்லுவாங்க. அதுவே பேரா ஒட்டிக்கிச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

“அப்போ மொத ஹெல்டர்பி ஓடிப் போனவன்.”

“எழுநூறு வருஷக் கதைங்க அது. பஞ்சமோ, நோயோ, யாருக்குத் தெரியும்?”

“அப்பன் துரத்திவிட்டானோ என்னவோ,” என்றார். “இந்த வாசப்படியை மிதிக்காதேன்னு கேவின்கிட்ட சொன்னது நான்தான். அதுக்கப்புறம் அவன் மிதிக்கவே இல்ல.”

பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“போன மாசம் லண்டன்ல அவன் ராத்திரி தங்கின விடுதிக்குப் போனேன். கேவின் ஹெல்டர்பின்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல. போட்டோவைக் காட்டினேன். ‘அட, நம்ம ஹல்லு!’ன்னான் ஒருத்தன். நாங்க ஹல் ஊர்தானே. அங்க அவனுக்குப் பேரே அதுதானாம். அவங்க ஏட்டுலயும் வெறும் ஹல்லுன்னுதான் எழுதியிருந்துச்சு. எனக்கு வந்த கோவம்! பெத்தவன் வச்ச பேரை விட்டுட்டு இதென்ன, நாய்க்கு வச்ச மாதிரின்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்.”

கைக்குட்டையை எடுத்தார். துடைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அவனா சொல்லாம அவன் ஊரு ஹல்லுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க மீன் தொறை, எங்க தெரு, எல்லாத்தையும் சொல்லியிருப்பான். பேரே அதுவா ஆகற அளவுக்குச் சொல்லியிருக்கான். நான் என்னடான்னா, எங்களை மறந்தே போயிட்டான்னு நெனச்சு...”

டெரிக் மண்வெட்டியோடு வந்தான். “ரெண்டாயிடுச்சு. பாதிரியார் வந்துட்டார்.”

“மன்னிச்சுக்கப்பா. உன்னை வீணா குழி வெட்ட வச்சுட்டேன்.”

டெரிக் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்துகொண்டேன். “நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, மிஸ்டர் ஹெல்டர்பி. இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்,” என்று கெஞ்சினேன்.

“வேணாம்மா. அவன் ஹல்லுக்காரன். இங்க விட்டுட்டுப் போனா, மறுபடியும் நானே அவனை வெளியூருக்கு அனுப்பினாப்பல ஆயிடும்.”

பாதிரியாரிடம் போய்த் தொப்பியைக் கழற்றி ஏதோ சொன்னார். பாதிரியார் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நானும் கூடப் போனேன். வியாழக்கிழமை, சந்தை நாள். கூடையும் குடையுமாகப் பஸ் நிறைந்துதான் வந்தது. கதவை ஒட்டி, இரண்டு பேர் உட்காருகிற ஒரே ஓர் இருக்கைதான் காலி. அவர் பையை ஜன்னலோரம் நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஏறிய பெண் கனத்த கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரத்தைக் காட்டினாள்.

“அங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்கான்,” என்றார்.

அந்தப் பெண் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது. மலைச்சரிவில் பஸ் திரும்பும் வரைக்கும், அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போவது தெரிந்தது.