பூட்டியபடியே

மருத்துவமனையில் கொடுத்த பையிலிருந்து அவள் ஹெல்மெட்டை வெளியே எடுத்தபோது, தாடைக்குக் கீழே வரும் வார் பூட்டியே இருந்தது.

அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் கூடத்தில் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் உள்ளறையில் தரையில் அமர்ந்து அந்தப் பூட்டை அழுத்தினாள். திறந்தது. மறுபடி செருகினாள். கெட்டியாகப் பிடித்தது, இழுத்தால் வரவில்லை. வாரும் அறுந்திருக்கவில்லை. ஆனால் விபத்தை நேரில் பார்த்த டயர் கடைக்காரர், அப்பா சாலையின் இந்தப் பக்கமும் ஹெல்மெட் அந்தப் பக்கமுமாகக் கிடந்ததாகச் சொல்லியிருந்தார். எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். வாரில் கையே வைக்கவில்லையாம்.

பூட்டிய ஹெல்மெட் தலையை விட்டு எப்படிப் போகும்?

கூடத்தில் இதற்குப் பதில்கள் தயாராக இருந்தன. அண்ணன் அதைப் போட்டிருக்கவே மாட்டார், வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டிருப்பார் என்றார் சித்தப்பா. போலீஸ் நிற்கிற திருப்பம் வந்தால்தான் தலைக்கு ஏறும், ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று ஆறுதல் போலவும் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் நின்று வழியனுப்பியவள் அவள். போட்டுக்கொண்டுதான் போனார் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டிருந்தாள். யாரும் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை.

தம்பி மட்டும் நம்பினான். நம்பியதுதான் வம்பாகிவிட்டது.

"போட்டுக்கிட்டுத்தான் போனாரு. போட்டும் போயிட்டாரு. அப்புறம் அந்தச் சுமை எதுக்கு?" என்றான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளில் பாதி நேரம் வண்டியில்தான் கழியும். இப்போதும் சித்தப்பாவைப் பேருந்து நிலையத்தில் விட்டுவரச் சாவியோடு கிளம்பி, முக்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஹெல்மெட் தலைக்கு நேர் மேலே சுவர்க் கொக்கியில் தொங்கியது. அதை அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்து நின்ற அவள்தான் பார்த்தாள். அது வாரால் தொங்கிக்கொண்டிருந்தது. வார் பூட்டியே இருந்தது.

அப்பா இரண்டையும் ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கி வந்தவர். கடைக்காரன் முதலில் காட்டியது தலையைக் கவ்வியதாம். வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் காற்றோட்டமாக இருப்பதைக் கேட்டு வாங்கினாராம். "கண்ணாடியக்கூடக் கழட்ட வேணாம், தொப்பி மாதிரி போட்டுக்கலாம்" என்று வீடு முழுக்க மாட்டிக்காட்டினார். அந்த மூக்குக்கண்ணாடி அவளுடைய கடையில் அவளே பொருத்திக் கொடுத்தது. பிரேம் பொருத்துவதுதான் அவள் வேலை. லூசாக இருந்தால்தான் சுகம் என்று வாங்கிப் போகிறவர்கள், மூக்கில் நிற்கமாட்டேன் என்கிறது என்று திரும்பி வருவதை அவள் தினம் பார்க்கிறவள்.

"டேய், அதை எடுத்துத் தலையில போடு."

"சொன்னேன்ல அக்கா, வேணாம்னு."

"வண்டிக்கு இல்லடா. எனக்காக."

அவள் குரலில் என்னவோ இருந்தது. அவன் எடுத்து, வாரைத் தொடாமல், ஒரே அழுத்தில் போட்டுக்கொண்டான்.

"வாரைப் பூட்டலையா?"

"பூட்டித்தானே இருக்கு. எப்பவும் அப்படியேதான் இருக்கும்."

அவள் அவனுக்குப் பின்னால் போய் ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்தாள். மேலே தூக்கி முன்பக்கமாகத் தள்ளினாள். பெரிய பலம் எதுவும் தேவைப்படவில்லை. நெற்றியில் உருண்டு, மூக்கில் தட்டி, அது அவன் மடியில் போய் விழுந்தது. வார் பூட்டியே இருந்தது.

 

"பூட்டினபடியே மாட்ட முடிஞ்சா, பூட்டினபடியே கழலும்," என்றாள் அவள். "அவர் கீழ விழுந்ததும் முதல்ல அது போயிருக்கு. அப்புறம்தான் தலை தரையில பட்டிருக்கு."

தம்பி மடியில் கிடந்ததைக் கையால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா சுவரிலிருந்து திரும்பினாள்.

"அப்ப அவர் போட்டுத்தான் இருந்தாரு."

"போட்டுத்தான்மா இருந்தாரு."

சித்தப்பா எழுந்து, தான் டாக்ஸியில் போய்க்கொள்வதாகச் சொன்னார். போகிற வழியில் அம்மாவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

அவள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். தம்பியின் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அவன் தலையைக் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாடா சொன்ன அளவுக்கும் ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருந்த அளவுக்கும் தொடர்பே இல்லை. போலீஸ்காரருக்குத் தூரத்திலிருந்து தெரிவதெல்லாம் தலையில் ஒன்று இருக்கிறதா என்பதுதான். உள்ளே எவ்வளவு இடைவெளி என்று அவரால் எப்படிப் பார்க்க முடியும்?

மறுநாள் ஹெல்மெட் கடையில் அவன் மூன்றை மாட்டிக் கழற்றினான். ஒன்று உச்சியில் மட்டும் அழுத்தியது. தலையின் வடிவத்துக்கு அது ஒத்துவராது என்று அவளே எடுத்து வைத்துவிட்டாள். நான்காவதற்குள் தலை நுழையவே வாரை முழுக்கத் திறந்து, இரு பக்கமும் இழுத்து விரிக்க வேண்டியிருந்தது. கன்னம் இரண்டும் பிதுங்கின.

"பேசவே முடியல அக்கா."

"நல்லதுதானே."

அவன் சிரித்தான். வீட்டில் ஒருவர் சிரித்து நாளாகிவிட்டது போலிருந்தது. ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினாள். நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது. உள்ளே இருக்கும் பஞ்சு போகப் போகத் தலைக்கு இடம் கொடுக்கும், முதலிலேயே தொளதொளப்பாக இருந்தால் அது இன்னும் பெருசாகத்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டே வாரைப் பூட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். இன்னொரு விரலுக்கு இடமில்லை என்று ஆகும்வரை இறுக்கினாள்.

அவன் வேலைக்குக் கிளம்பிய காலையில் அம்மா வாசல்வரை வந்தாள். அவன் வாரைத் திறந்து, மாட்டி, பூட்டினான். வண்டியில் ஏறப்போனவனை நிற்கச் சொல்லிவிட்டு அம்மா பின்னால் போனாள். கொஞ்சம் எக்கி, இரண்டு கையாலும் அடிவிளிம்பைப் பிடித்து, மேலே தூக்கி முன்னால் தள்ளினாள். அவன் தலை குனிந்தது. மறுபடியும், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு தள்ளினாள்.

ஹெல்மெட் கழலவில்லை.