வேலிக்கு அப்பாலிருந்து ஓர் அழுகை

சிந்தாமணி தன் மகளுக்குப் பாலூட்டித் தூளியில் கிடத்திவிட்டுச் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் நான் அழுதேன். அவளுடைய மாராப்பு நனைந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் ஆண்டு, ஊர் குரும்பலூர். என்னைப் பெற்றவள் பிரசவ ஜன்னியில் இறந்த வாரம். என் தந்தை வைரக்கண்ணு ஆட்டுப்பாலில் நனைத்த துணியை என் வாயில் வைப்பார். நான் குடித்ததையெல்லாம் கக்கிவிடுவேன். என் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. அடுத்த வீட்டில் பால் இருப்பதை அவர் அறிவார். ஆயினும் கேட்க வாயில்லை. பொதுக்கிணற்றில் முதலில் மாடுகளைக் கவலையில் பூட்டி நீர் இறைப்பது யார் என்னும் சண்டையில், சிந்தாமணியின் கணவர் அய்யாக்கண்ணுவின் பல்லை உடைத்தவர் அவரே. அதன்பின் இரு கொல்லைகளுக்கும் நடுவே கருவேல முள் அடைக்கப்பட்டது. எங்கள் வாசலை மிதிப்பதில்லையென்று சிந்தாமணி சூடம் அணைத்துச் சத்தியமும் செய்திருந்தாள்.

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அய்யாக்கண்ணு.

"கோவம் எனக்குந்தான் இருக்கு. பாலுக்கு அது தெரியலயே."

"தோல்கன்னப் பாத்துச் சொரக்குற மாடு கணக்கா நிக்கிற பாரு."

இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின்முன் நிறுத்திக் கறப்பதைத்தான் அவர் ஏளனமாகச் சொன்னார். சத்தியம் வாசலுக்குத்தானே, ஆதலால் அவள் கொல்லைப்பக்கம் சென்று, முள்ளை வெறுங்கையால் விலக்கினாள்.

நான் பிழைத்தேன். அவளையே அம்மா என்றழைத்து வளர்ந்தேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துத் திருச்சியிலிருந்து திரும்பியபோது, படித்ததை அம்மாவுக்கு விளக்கினேன். அழுகுரல் கேட்டதும் மூளை ஒரு சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. அதனால் பால் இறங்குகிறது. பாலூட்டும் உயிர்கள் பலவற்றிலும் இவ்வியல்பு உண்டு. அறநூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அறத்தின் வித்து உடலில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். என்னைக் காத்தது அந்த இயற்கையே என்றும் சொல்லி முடித்தேன்.

அம்மா சிரித்தாள்.

"செரிதான்டா வாத்தியாரே. பாலு தானாத்தான் சொரந்துச்சு. முள்ளு தானா வெலகலியே."

களியுருண்டையை என் தட்டில் வைக்க அவள் கை நீண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளிறிய கோடுகள். அவற்றின்மேல் கீரைக்குழம்பு ஒரு சொட்டு வழிந்தது. அதைத் துடைக்காமலேயே இன்னோர் உருண்டையை எடுத்து வைத்தாள்.