இரண்டாவது படகில் ஏறியவன்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியத்துக்காக நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

மெல்போர்னில், ஃபுட்ஸ்கிரேயில், ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தோவா அக்கா காலர் தைத்தாள். நான் இஸ்திரி போட்டேன். இருபத்திரண்டு வருஷம். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவள். மூன்று வயது மகள் யென்னை மடியில் வைத்துக்கொண்டு வந்து, தைத்துத் தைத்தே அவளைப் பல் டாக்டர் ஆக்கினாள். 'புதுவாழ்வு கண்ட தாய்' என்று ஒரு கதையைத் தட்டிவிடலாம் என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆரம்பம் இப்படி:

கடலில் மகன் கோயைப் பறிகொடுத்த தோவா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு—

இதை அவளிடம் அப்படியே சொன்னேன். (நாங்கள் பேசிக்கொள்வது பாதி உடைந்த ஆங்கிலம், பாதி அவள் மொழி. இங்கே எல்லோருக்கும் நல்ல தமிழ் கொடுத்திருக்கிறேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே தர்மம் அது.)

"அவன் செத்தான்னு யாரு சொன்னா உனக்கு?"

"இல்லக்கா, நாப்பது வருஷம் ஆச்சு..."

"நீ பாத்தியா? நான் பாக்கல. பெத்தவ பாக்காதத நீ எழுதுவியா? உன் கதைக்கு அழுகை வேணும்னா உங்க வீட்டுல யாரையாவது சாகடிச்சுக்கோ தம்பி."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

2

இரண்டாவது ஆரம்பம். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெரிய படகு ஆழத்தில் நின்றது. கரையிலிருந்து இரண்டு சின்னப் படகுகள் ஆட்களைக் கொண்டுபோய் அதில் ஏற்றுவதாக ஏற்பாடு. முதல் சின்னப் படகில் தோவாவும் யென்னும். இரண்டாவதில் ஒன்பது வயதுக் கோய், அவன் மாமாவோடு. முதலாவது போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வரும்வரை பெரிய படகு காத்திருக்கவில்லை.

(இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு அலையும் அலறலும் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் கேட்டது எஞ்சின் சத்தம் மட்டும்தானாம்.)

அகதி முகாமில் ஓர் அதிகாரி, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டான். இரண்டு என்றாள். அவன் எதிரே நின்ற குழந்தையைப் பார்த்துவிட்டு, ஒன்று என்று எழுதினான். அதற்கப்புறம் அவள் தெரிந்த முகாம்களுக்கெல்லாம் கடிதம் போட்டாள். பிழைத்தவர் பட்டியலில் கோய் இல்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை.

எல்லோருக்கும் அப்படி என்ன அவசரம் என்று கேட்கிறேன். அந்த அதிகாரிக்குப் படிவம் நிரம்ப வேண்டும், எனக்குக் கதை நிரம்ப வேண்டும். அதற்குப் பெற்றவள் வயிற்றில்தான் அடிக்க வேண்டுமா? என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

3

கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே என்று யென்னைப் பார்த்தேன். அவள் அதற்குச் சரிப்பட்டு வரவில்லை.

கடலில் போனவர்களுக்குச் செத்த நாள் தெரியாது. அதனால் படகேறிய நாளில்தான் அவர்கள் ஆட்கள் திவசம் வைப்பார்கள். வைக்காவிட்டால் அந்த உயிர் பசியோடு அலையும் என்று புத்த விகாரையில் துறவி யென்னிடம் சொல்லிவிட்டார். அவள் அண்ணன் படத்தை எடுத்துப் பூசை மாடத்தில், செத்துப்போன அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தோவா அக்கா அதை இறக்கிப் பழையபடி டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கப்பன் செத்தத பாத்தவங்க இருக்காங்க, அவரு மாடத்துல இருக்கட்டும். இவன் இங்க இருந்து டிவி பாக்கட்டும்."

"அவன் நாப்பது வருஷமா பட்டினி கெடக்குறானோன்னு எனக்குச் சோறு எறங்கலம்மா. உனக்கு எப்படி எறங்குது?"

"எறங்குதுன்னு எவடி சொன்னா?"

இதற்கு மேல் யார்மேல் கோபப்படுவது?

4

கைவசம் உள்ள முடிவுகள்.

தாய் மனம் மாறி, மகன் படத்தை மாடத்தில் வைத்து, கதறி அழுது, ஆறுதல் அடைகிறாள். பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்டார். "கடைசில மனசு ஆறணும் சார், வாசகர் பாவம்" என்றார். வாசகர் பாவமாம்.

இன்னொன்று: தொலைபேசி மணி அடிக்கிறது, அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், அம்மா என்று— சீ.

5

நடந்ததைச் சொல்கிறேன். படகேறிய நாளன்று மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். யென் மண்சட்டியில் மீன் சமைத்திருந்தாள், புளி சூப்பும் வைத்திருந்தாள். தோவா அக்கா டிவிக்குப் பக்கத்திலிருந்த படத்தைத் தானே எடுத்து வந்து, மாடத்துக்குப் போகாமல், சாப்பாட்டு மேசையில் ஒரு காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். கிண்ணத்தில் சோறு போட்டாள்.

அந்த வீட்டில் சாப்பிடும் முன் இளையவள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சாப்பிட அழைக்க வேண்டும். உயிரோடு இருப்பவரை வாயால் அழைத்தால் போதும். இறந்தவரை ஊதுவத்தி ஏற்றித்தான் அழைப்பார்கள். யென் அம்மாவை அழைத்தாள். என்னை அழைத்தாள். பிறகு ஓர் ஊதுவத்தியை எடுத்தாள்.

"அது வேணாம். சும்மா கூப்பிடு."

"சும்மா கூப்பிட்டா செத்தவங்களுக்குக் கேக்காதும்மா."

"அத ஏத்திக் கூப்பிட்டா, உசுரோட இருக்கிறவன் எப்படிடி வருவான்?"

யென் ஊதுவத்தியைப் பிடித்தபடி நின்றாள். மேசையில் லைட்டர் கிடந்தது. யாரும் சாப்பிடவில்லை.

யென் அடுத்து என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும், எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

முடிவு இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராதா? சரி, அந்த லைட்டரை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தோவா அக்கா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏற்றுங்கள் பார்ப்போம்.