மூடிய மூன்று கைகள்

என்னைக் கேவலப்படுத்தியவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய் நிம்மதியாகப் பச்சை மிளகாய்க் கறி சாப்பிட்டிருப்பேன்.

ஒராலியா புஸ்தோஸ் என்ற என் பெயரை வங்கிக்காரனும் டாக்டரும்தான் சொல்வார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஜூனிபர் மேட்டுக்குப் பின்னால், நீளப் பாவாடையும் தொப்பியுமாக, இடுப்பில் இரண்டு ரிவால்வரோடு நிற்கும்போது நான் 'புளிப்பு பிளம்'. எங்கள் சுடும் சங்கத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. எனக்கு அது என் வாயைப் பார்த்து வைத்தது.

நாங்கள் சுடுவது தாத்தா காலத்து மாதிரி ரிவால்வர். ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்காமல் விசையை எத்தனை அழுத்தினாலும் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். எனக்கோ அந்தக் கட்டைவிரலின் மூட்டுதான் தேய்ந்துபோய்விட்டது. அடுத்த வாரம் ஆல்புகர்க்கி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். "பேசாம கொட்டகையில பீன்ஸ் பானையைக் கிளறிக்கிட்டு உக்காரேன்" என்று சில ஆம்பிளைகள் எனக்கு யோசனை சொன்னார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

என் வலது கை ரிவால்வரை வெண்டல் கிராவுஸிடம் கொண்டு போனேன். சங்கத்துத் துப்பாக்கிகளை எல்லாம் பிரித்து மேய்கிறவன் அவன். சுத்தியலின் வாலை என் விரலுக்கு எட்டும்படி தாழ்த்தினான். பிடியை என் உள்ளங்கைக்கு ஏற்றபடி இழைத்துக் கொடுத்தான். நல்ல வேலைக்காரன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் படித்துப் படித்துச் சொன்னேன். "கொஞ்சமா இலேசாக்கு வெண்டல். ரொம்பப் போனா சுத்தியல் பூ மாதிரி விழும், குண்டு வெடிக்காது."

"எனக்கே பாடமா?" என்று சிரித்தான்.

ஒரு நாள் முழுக்க ஒரு குறிகூடத் தவறாமல் சுட்டால் தகரத்தில் செய்த சின்ன லாடம் ஒன்று கொடுப்பார்கள். தொப்பியில் குத்திக்கொள்ளலாம். என் சிநேகிதி ட்வைலாவின் தொப்பியில் அது வரிசையாக மின்னும். என் தொப்பி இத்தனை வருஷமாக மொட்டை. அந்த ஒரு லாடத்துக்காகத்தான் வீங்கிய விரலோடு அறுவைக்கு முந்தின ஞாயிறு போனேன்.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. கடைசிச் சுற்று வரை ஒரு குறியும் தவறவில்லை. கடைசியாக எடுத்த வலது கை ரிவால்வரில் ஐந்து குண்டு பாக்கி. இரும்புத் தட்டில் 'டிங்' என்று நாலு முறை கேட்டது. ஐந்தாவதற்குச் சுத்தியலை இழுத்தேன், விசையை அழுத்தினேன்.

'டிக்.'

அவ்வளவுதான். புகையும் இல்லை, தட்டில் சத்தமும் இல்லை. உருளையை ஒரு சுற்றுச் சுற்றி அதே குண்டை மறுபடி அடித்துப் பார்க்கலாம். உருளையில் ஆறு அறை, ஒன்று எப்போதும் காலி; அதற்கு இன்னும் ஆறு தடவை இழுக்க வேண்டும். விரல் செத்துப்போயிருந்தது. முடிந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பின்னால் நின்று எண்ணுகிறவர்கள் மூன்று பேர். தவறிய குறிக்கோ வெடிக்காத குண்டுக்கோ ஒரு விரல் வீதம் தூக்குவார்கள். தவறே இல்லை என்றால் கையை மூடி உயர்த்துவார்கள். சந்தேகம் வந்தால் சுட்டவருக்குச் சாதகம் என்பது எங்கள் வழக்கம். ஆனால் இங்கே சந்தேகம் எங்கிருந்து வந்தது? அந்த 'டிக்' மேட்டுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த மாட்டுக்கே கேட்டிருக்கும். மூன்று கைகளும் மூடியிருந்தன. அதில் ஒரு கை ட்வைலாவுடையது.

"சுத்தம்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சூடேறியது.

அடுத்து, துப்பாக்கியைக் காலி செய்யும் மேசை. அன்றைக்கு அங்கே நின்றவன் வெண்டல். அவன் முன்னால் உருளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். நாலு வெற்றுக் கூடுகள் மேசையில் கலகலவென்று விழுந்தன. ஐந்தாவதை விழவிடாமல் அவன் கை நடுவில் புகுந்து வாங்கிக்கொண்டது.

"காலி. போ பிளம், சந்தோஷமாப் போ."

"கையைத் திற."

"சத்தம் போடாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? திறய்யா கையை!"

ட்வைலா ஓடி வந்தாள். "விடுடி. அடுத்த வாரம் கையைக் கிழிக்கப் போறாங்க. அப்புறம் சுடுவியோ மாட்டியோ. ஒரு லாடத்தைக் குத்திக்கிட்டுப் போயேன், யாருக்கு என்ன நஷ்டம்?"

"போன வருஷம் காத்துல ஏழு தட்டைத் தவறவிட்டேன். ஏழு விரலைத் தூக்கிக்கிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சது யாரு?"

"அது அப்ப."

"அப்ப நான் சுடறவ. இப்ப நான் யாரு, நோயாளியா?"

அவள் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல்தான் மெதுவாக வாய் திறந்தான். "தப்பு உன்னுது இல்ல, ஒராலியா. நீ சொன்னதுக்கு மேலயும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ராவி இலேசாக்கிட்டேன். உன் விரலைப் பாத்து மனசு கேக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"மாட்டேன்னு தெரிஞ்சும் செஞ்சே. என் துப்பாக்கியில!"

அவன் கை தானாகத் திறந்தது. அடிப்பாகத்தில் நகக்கீறல் போல லேசான பள்ளத்தோடு என் குண்டு அப்படியே முழுசாக இருந்தது. அதை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். தவறவிட்டதற்கு நான் வெட்கப்பட்டதே கிடையாது. எனக்குத் தெரியாமல் என்மேல் இரக்கப்பட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டுக் கொட்டகையில் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். "ரொம்ப நாளாக் காத்திருந்த ஒரு தொப்பிக்கு!" என்று சங்கத் தலைவர் லாடத்தைத் தூக்கிக் காட்டினார். நான் எழுந்து போய், பையிலிருந்த குண்டை அவர் மேசையில் நிற்க வைத்தேன்.

"இது வெடிக்காத குண்டு. கடைசிச் சுற்று, அஞ்சாவது. இதை எண்ணாம என் தொப்பியில எதுவும் ஏறாது."

எல்லோரும் அவரவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ட்வைலா எழுந்தாள். கை மூடியேதான் உயர்ந்தது. அப்புறம் அதிலிருந்து ஒரு விரல் நிமிர்ந்தது.

"ஒண்ணு!" என்று கத்தினாள். "கடைசிக் குண்டுல போய்க் கோட்டை விட்டா பாரு, கிழவி!"

கொட்டகையே சிரித்தது. எண்ணிய மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலைத் தூக்கினார்கள். தலைவர் லாடத்தைத் திரும்பப் பெட்டியில் போட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது.

வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. காலி ரிவால்வரை உறையோடு கழற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"ஸ்பிரிங்கை மாத்து."

"உன் விரல்..."

"என் விரலைக் கேக்காத. என்னைக் கேளு."

பிடியைத் தடவினான். அப்புறம் தலையைத் தூக்கினான்.

"சரி. எவ்வளவு இறுக்கமா வேணும்?" என்று கேட்டான்.

சொன்னேன்.