வேறொருவனின் உடம்பு

மாசானத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி அவிழ்ந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குள் எட்டி அதை இறுக்கிக் கட்டினாள் அவன் மனைவி இசக்கிசெல்வி. பிணத்தை வாசலில் இறக்க வாடகை வீட்டின் ஓனர் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டி படப்பை மெயின்ரோட்டிலேயே நிற்க, கம்பெனி ஆட்கள் வந்து மாலை போட்டார்கள். வண்டிக்குள் தலைமாட்டில் உட்கார்ந்து மாமியார் அன்னக்கிளி ஒப்பாரி வைத்தாள்.

"கொள்ளி வைக்க ஒரு புள்ள பெத்துத் தரலியே பாவி..."

ஆறு வருஷமாகக் கேட்ட வசைதான். செல்வி சாப்பிடாத மருந்தா, சுற்றாத கோயிலா? "நீங்களும் ஒருக்கா செக் பண்ணுங்க" என்றால் மாசானம் சிரிப்பான். "கம்பெனி டாக்டரே தொட்டுப் பாத்து ஃபிட்டுன்னுட்டாரு. எங்கிட்ட என்னளா குறை?" உடம்பைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான்.

போன மாதம்தான் உண்மை தெரிந்தது. கருவில் ஆண் குழந்தையின் வயிற்றுக்குள் உருவாகும் விதைகள், பிறப்பதற்குள் கீழே விதைப்பைக்கு இறங்கிவிட வேண்டுமாம். இவனுக்கு இரண்டுமே இறங்கவில்லை. கைக்குழந்தையிலேயே சின்ன ஆபரேஷன் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். பிள்ளை இல்லாததும் அதனால்தான், புற்றுநோய் வந்ததும் அதில்தான். அன்றுதான் கேள்விப்படுகிறவன் போல மாசானம் அழுதான். "அம்மாட்ட வெறும் கட்டின்னு சொல்லு" என்றான். செல்வி அவனைத் தேற்றினாள்.

கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த பிரசன்னா அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணி, மனசு கேக்கல. வேலைக்கு சேர்றப்ப மெடிக்கல் செக்கப்புல அவன் பேரைக் கூப்ட்டாங்க, அவனுக்குப் பதிலா நான்தான் போனேன். கீழ தொட்டுப் பாப்பாங்கன்னு பயந்தான். சின்ன வயசுலயே ஆபரேஷன் சொன்னாங்க, பண்ணல, வூட்ல சொல்லிடாதன்னான். காண்ட்ராக்ட்காரன் மூஞ்சியா பாக்குறான்?"

செல்வி ஆம்புலன்ஸில் கிடந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் டாக்டர் ஃபிட் என்று சொன்னது பிரசன்னாவின் உடம்பை! அதைச் சொல்லியா என்னைக் கோயில் கோயிலாக உருள விட்டாய்? எப்பேர்ப்பட்ட நடிகன்! துரோகி.

நேரே மாமியாரிடம் போனாள்.

"நிறுத்துங்கத்த. குறை எங்கிட்ட இல்ல. உங்க மவனுக்குப் பொறந்ததுல இருந்தே..."

அன்னக்கிளி சட்டென்று நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தாள்.

"தெரியும்ளா. பெத்தவளுக்குத் தெரியாதா? வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? செத்தவன் மானத்த வாங்காத. ஏறு."

பிறகு நிமிர்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "மலடியக் கட்டி மண்ணாப் போனியே ராசா..."

"ஏறுங்கம்மா, திருநெல்வேலி போணும்" என்றார் டிரைவர்.

செல்வி ஏறவில்லை. வெளியே நின்றபடியே கதவைச் சாத்தினாள். வண்டி ஒரகடம் பக்கம் போனது.