நாற்பத்தேழாவது பிளாக்

அடிப்பூச்சு ப்ரைமர் ஸ்ப்ரே டப்பாவை வெந்நீர் மக்கில் நிறுத்திவிட்டு ரூபீனா வெயிலுக்காகக் காத்திருந்தாள். ஆழ்வார்பேட்டையில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், காலை ஒன்பதரைக்கும் கைப்பிடிச் சுவர் ஈரமாகவே இருந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் ப்ரைமர் வெளிறிப்போகும். வெந்நீர் என்றால் கொதிநீர் அல்ல, கை பொறுக்கும் சூடுதான். டப்பா லேசாகச் சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடி, பெயிண்ட் பனிபோல மெல்லியதாக வரும். சில்லென்று இருந்தால் துளித்துளியாகத் துப்பும். துப்பியதைத் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பாதி டப்பா அப்படித்தான் வீணாகும்.

கீழே கட்டட மாடல் செய்யும் பட்டறை. விற்கப்போகும் அடுக்குமாடியைச் சின்னதாகச் செய்து கொடுப்பார்கள். அதற்கு மட்டும் வண்ணமும் கண்ணாடியும் விளக்கும் உண்டு. சுற்றியுள்ள பழைய வீடுகளுக்கு ஜன்னல்கூடக் கிடையாது, சாம்பல் நிற ப்ரைமரோடு சரி. பார்ப்பவர் கண் நடுவில் நிற்பதை விட்டு நகரக் கூடாது. இன்று இருநூற்றுப் பன்னிரண்டு பழைய வீடுகள், இரண்டு டப்பா. மூன்றாவது டப்பா கிடையாது என்று முதலாளி ஸ்ரீநாத் சொல்லியிருந்தார்.

ரூபீனா செய்தித்தாள்களை விரித்து, வீடுகளை அவற்றின் மேல் அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து அடித்தால் பாதி காற்றோடு போய்விடும். நெருக்கி வைத்தால் ஒன்றைத் தாண்டிப் போவது அடுத்ததன் மேல் விழும். மற்றவர்கள் உயரப்படி அடுக்குவார்கள். அவள் வரைபடத்தில் உள்ளபடியே, தெருத் தெருவாக வைப்பாள். பலகையில் ஒட்டும்போது எது எங்கே என்று தேட வேண்டியதில்லை.

வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சண்முகசுந்தரம் கடைசித் தட்டை மேலே கொண்டுவந்தார்.

"இந்தா ரூபீனா, ஊரையே தூக்கினு வந்துட்டேன். மூச்சு வாங்குது."

"ஊரு தக்கையாத்தான் கீது. நீதான்ணா வெயிட்டு."

அவள் அந்தத் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள். மூலையில் சாய்வாக வெட்டுப்பட்ட ஒரு வீடு. அடுத்து நீளமாக ஒன்று. பிறகு ஒரு சந்து, அதைத் தாண்டி ஒரு வீட்டுக்கு இடம் விட்டுக் குழாயடி மேடை. நான்கு வீடுகளுக்குப் பிறகுதான் கவனித்தாள், வரைபடத்தைப் பார்க்காமலே கை வைத்துக்கொண்டிருந்தது. வைத்தவை எல்லாம் சரியாக இருந்தன.

அடுத்த பிளாக் விரல் நீளம். இரண்டு மாடி, வெளிப்புறமாக ஏறும் படிக்கட்டு. மேல்மாடியின் பின்பக்கம் அரிசி அளவில் ஒரு சரிவான கூரை ஒட்டியிருந்தது.

"ணா, இது எந்த ஏரியா?"

"மைலாப்பூர் பக்கம்னாங்க. ஃபைல்ல தெரு பேர் இல்ல, நம்பர்தான் கீது."

"இது எங்க வூடு."

சண்முகசுந்தரம் சிரித்தார். "எல்லா வூடும் இப்டித்தான் கீது, டப்பா டப்பாவா."

"பின்னாடி பாரு. அந்த ஷீட்டு, எங்க பொண்ணு ஜுவேரியா உக்காந்து படிக்கறதுக்குன்னு எங்க வூட்டுக்காரர் போட்டது. ரெண்டு மாசம்கூட ஆவல."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிளாக்கைத் திருப்பினார். அடியில் பென்சிலில் 47 என்று அவரே எழுதியிருந்தார். ரூபீனா அதை வாங்கிச் சந்துக்கும் குழாயடிக்கும் நடுவில் வைத்தாள்.

ஷீட்டு போட்ட வாரம் மாடிக்கு மேல் வண்டுபோல ஏதோ கேமரா சுற்றியது ரூபீனாவுக்கு நினைவு வந்தது. கீழ்வீட்டுச் சுப்பம்மா அதைப் பார்த்துத் துடைப்பத்தைக் காட்டினாள். பிறகு யாரோ வந்து எல்லா வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயிண்டில் எண் எழுதிப் போனார்கள். பட்டா கொடுக்கத்தான் என்று சொன்னார்கள்.

ரூபீனா போனை எடுத்தாள்.

"சுப்பம்மாக்கா, நம்ம செவுத்துல எழுதினு போனாங்களே, இன்னா நம்பரு?"

"இரு, வெளிய வந்து பாக்கறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. "நாப்பத்தேழு. ஏன்டி, பட்டா வந்துச்சா?"

"இல்லக்கா. சும்மா கேட்டேன்."

படியில் காலடி கேட்டது. ஸ்ரீநாத் மேலே வந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா? வெயில் வந்தாச்சே. நாலு மணிக்கு பில்டர் கம்பெனிக்காரா வந்துடுவா." வரிசைகளைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், குனிந்து ஒரு பிளாக்கைப் புரட்டி எண்ணைப் பார்த்தார். "இது ஏன் இங்க இருக்கு? நாப்பத்தேழு மாடல்லயே கிடையாதே. அந்த இடத்துல என்ட்ரன்ஸ் ரோடுன்னா வர்றது. பழைய சர்வே ஃபைல்லேர்ந்து வெட்டிட்டேளா, சண்முகம்?"

"ரெண்டு ஃபைலும் ஒரே பேர்ல இருந்துச்சு சார்."

"சார், அதுல ஆளுங்க கீறாங்க," என்றாள் ரூபீனா.

"எதுல?"

"அந்த வூட்ல. எட்டுக் குடும்பம்."

"இருப்பா. அதெல்லாம் கம்பெனி பாத்துப்பா. நமக்கு வந்த டிராயிங்ல இல்லை, அவ்ளோதான். இதுக்குப் போய் ப்ரைமரை வேஸ்ட் பண்ணாதேம்மா." அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் பிளாக்கை எடுத்தார். "மறந்துபோய் ஒட்டிடப் போறேள்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வூடுன்னு சொல்லியிருக்கலாமே."

"அதத்தான சொல்லிக்கினு இருந்தேன்."

அவர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ரூபீனா துப்பட்டாவை மூக்கின் மேல் இறுக்கிக் கட்டினாள். டப்பாவைத் துடைத்து, உள்ளே இருக்கும் குண்டு தடையில்லாமல் உருளும்வரை இரண்டு நிமிடம் குலுக்கினாள். ஒரு ஜாண் தள்ளிப் பிடித்தாள். விசையை வீட்டின் மேல் வைத்து அழுத்தக் கூடாது. வரிசைக்கு வெளியே அழுத்தி, வரிசை மேல் ஒரே வேகத்தில் போய், தாண்டிய பிறகுதான் விட வேண்டும். முதல் பூச்சு அடிநிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். அது காய்ந்ததும், நான்கு திசையிலிருந்தும் இரண்டாவது.

மூலை வீடு சாம்பலானது. சந்து சாம்பலானது. குழாயடி மேடையின் விளிம்பு மழுங்கி மறைந்தது. அவள் நகர நகரத் தெரு முழுவதும் ஒரே நிறமாக ஆகிக்கொண்டு வந்தது. கீழே சாலையில் ஹாரன்கள் கேட்டுக்கொண்டிருந்தன. இந்தத் தெருவில் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. சந்துக்கு அடுத்து, நாற்பத்தேழு இருந்த காலி இடத்துக்கு வந்தபோது விரலை எடுத்திருக்கலாம். எடுத்தால் மறுபடி அழுத்தும் இடத்தில் திட்டு விழும். விசையை விடாமல் தாண்டினாள்.

இரண்டு டப்பாவில் இருநூற்றுப் பதினோரு வீடுகளும் முடிந்தன.

காய்ந்த பிறகு தட்டில் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வீட்டையும் தூக்கத் தூக்க, அது நின்ற இடத்தில் செய்தித்தாள் வெளுப்பாக, எழுத்துகளோடு, கத்தியால் வெட்டியதுபோலத் தெரிந்தது. கடைசி வீட்டை எடுத்தபோது மொத்தத் தெருவும் தாளில் இருந்தது. மூலை வீட்டின் சாய்வு, நீள வீடு, குழாயடி, எல்லாம்.

சந்துக்கும் குழாயடிக்கும் நடுவில் சாம்பல் ஒரே சீராகப் படிந்திருந்தது. அவள் விரலால் தடவினாள். எங்கும் ஒரு விளிம்புகூடத் தட்டுப்படவில்லை.