அக்கா தராத தண்ணீர்

எண்பத்தாறாம் வருஷம் எனக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுத்த அக்கா இன்னாசியம்மாள், ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்றாள். ஆபரேஷன் முடிந்து தருமபுரிக்குத் திரும்பிய பின் என் அடிவயிறு வீங்கியிருந்தது.

“குடிச்ச தண்ணிதான்டா தேங்குது” என்றாள். டயாலிசிஸ் காலத்தில் எனக்கு டம்ளரில் அளந்து ஊற்றிப் பழகிய கை. வாதாடி அலுத்துவிட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியால் நீரை உறிஞ்சியெடுத்த டாக்டர், “இது குடிச்ச தண்ணி இல்லீங்க. அறுத்த எடத்துல நிணநீர் கசிஞ்சு, புதுக் கிட்னியைச் சுத்தித் தேங்கியிருக்கு. இவரு நல்லா தண்ணி குடிக்கணும்” என்றார்.

அக்காவின் வெடித்த உதடுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “நீங்க குடிக்கிறீங்களா?”

“தம்பி தவிச்சுக் கெடக்கறப்ப நான் எப்படிங்க குடிப்பேன்?”

“ஒரே ஆளோட ரெண்டு கிட்னியையும் காயப் போட்டிருக்கீங்களே!” என்று கத்தினார் டாக்டர்.